மறதி நோயில் மறக்கப்பட்டவர்கள்

நோய்களின் வரலாற்றைப் படிக்கும்போது வழக்கமாக நாம் இருவரைச் சந்திக்கிறோம். ஒருவர் நோயாளி, மற்றவர் மருத்துவர். இவ்விருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் உண்டு. இரவில் விழித்திருந்து தண்ணீர் கொடுப்பவர் அவர். உடை மாற்றிவிடுபவரும், ஒரே கேள்விக்கு நூறு முறை பதில் சொல்பவரும் அவரே. நோயாளியின் மனைவியாகவோ, கணவராகவோ, மகளாகவோ, மருமகளாகவோ அவர் இருப்பார். மருத்துவ நூல்களில் அவர் பெயர் இடம் பெறுவது அரிது.

டிமென்ஷியா என்று மருத்துவர்கள் குறிப்பிடும் மறதி நோயின் வரலாற்றில், இந்த மூன்றாமவரை விஞ்ஞானம் கண்டுகொள்வதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பிடித்தன. அது எவ்வாறு நேர்ந்தது, கண்டுகொண்ட பின் தெரிய வந்த உண்மைகள் யாவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பிராங்பர்ட் நகரில் ஒரு குடும்பம்

1901ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், ஜெர்மனியில் பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். அவர் பெயர் அவுகுஸ்டே டேட்டர். கணவர் கார்ல் டேட்டர், ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். நெடுங்காலம் அமைதியாக நடந்து வந்த குடும்பம் அது. திடீரென்று அந்த அம்மையார் காரணமின்றிக் கணவர்மேல் சந்தேகம் கொள்ளத் தொடங்கினார். சமையல் கைவிட்டுப் போயிற்று. பொருள்களை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டுத் தேடினார். இரவில் உறக்கமின்றி, படுக்கை விரிப்புகளை வீடு முழுவதும் இழுத்துக்கொண்டு திரிந்தார், கூச்சலிட்டார். இனி வீட்டில் வைத்துப் பார்க்க இயலாது என்ற நிலை வந்தபோதுதான் கணவர் அவரை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார்.

மறுநாள் அவரைச் சோதித்தவர் டாக்டர் அலோயிஸ் ஆல்சைமர். அப்போது அவருக்கு வயது 37. 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்டார். 'அவுகுஸ்டே' என்று விடை வந்தது. குடும்பப் பெயரைக் கேட்டார். அதற்கும் 'அவுகுஸ்டே' என்றே விடை. கணவரின் பெயர்? அதுவும் 'அவுகுஸ்டே'தான்! மதிய உணவில் பன்றி இறைச்சியும் காலிபிளவரும் உண்டுகொண்டிருந்தவரிடம், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, கீரை என்றார். நடுநடுவே, தம்மையே தாம் தொலைத்துவிட்டதாகச் சொன்னார். மறதி நோயை இதைவிடச் சுருக்கமாக எந்த மருத்துவரும் விளக்கிவிடவில்லை.

1906 ஏப்ரல் 8ஆம் நாள் அந்த அம்மையார் காலமானார். அதற்குள் ஆல்சைமர் ம்யூனிக் நகருக்குப் பணி மாறியிருந்தார். மூளையை அங்கே வரவழைத்து, வெள்ளி உப்புக்களால் நிறமூட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுக்களையும், அணுக்களுக்குள்ளே சிக்குண்ட நூலிழைகளையும் கண்டார். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ட்யூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் மாநாட்டில் இதை விளக்கினார். கேட்டவர்களில் ஒருவரும் ஒரு கேள்விகூட எழுப்பவில்லை. எனினும், அக்காலத்துப் புகழ்பெற்ற மனநோய் மருத்துவர் எமில் கிரேப்பலின் 1910இல் வெளியிட்ட தம் பாடநூலில் இந்நோய்க்கு 'ஆல்சைமர் நோய்' என்று பெயரிட்டார். டிமென்ஷியா என்பது பல நோய்களால் ஏற்படக்கூடிய ஒரு நிலை. அவற்றுள் மிகவும் பரவலானது ஆல்சைமர் நோயே என்பதை இன்று அறிவோம்.

காணாமற் போயிருந்த அவுகுஸ்டே அம்மையாரின் மருத்துவக் கோப்பு 1995இல் பிராங்பர்ட்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. உலகெங்கும் மருத்துவர்கள் அதை ஆவலுடன் படித்தனர். இத்தனை புகழ் பெற்ற இந்த வரலாற்றில் ஒருவரைப் பற்றி மட்டும் நமக்குத் தெரிந்திருப்பது மிகவும் குறைவு. மனைவியின் வீண்பழியைச் சுமந்து, இரவெல்லாம் விழித்து, காலையில் அலுவலகம் சென்று வந்த அந்த ரயில்வே எழுத்தர் அந்த மாதங்களை எப்படிக் கழித்தார்? அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

'வயதானால் அப்படித்தான்'

1910க்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. ஆல்சைமர் நோய் என்பது அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டோருக்கு வரும் அரிய நோய் என்றே பாடநூல்கள் சொல்லின. எழுபது, எண்பது வயதில் நினைவு தவறினால் அது நோயே அன்று. அது முதுமையின் இயல்பு என்று மருத்துவரும் மக்களும் ஒருங்கே எண்ணினர். நம் ஊர்களிலும் 'வயசானா அப்படித்தான்', 'புத்தி தடுமாறிப் போச்சு' என்று சொல்லிவிட்டு விடுவது வழக்கமாக இருந்ததல்லவா?

நோய்க்குப் பெயர் இல்லையென்றால், அதைப் பார்த்துக்கொள்பவரின் துன்பத்துக்கும் பெயர் இல்லை. கிழவனார் வேண்டுமென்றே வீம்பு செய்கிறார் என்று குடும்பம் நினைக்கும். மருமகள் சரியாகக் கவனிக்கவில்லை என்று அக்கம்பக்கம் நினைக்கும்.

இந்த எண்ணத்தை அசைத்தவை 1960களில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்த ஆய்வுகளாகும். முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களின் நினைவாற்றலை அளந்து, இறந்தபின் மூளையில் உள்ள திட்டுக்களை எண்ணிப் பார்த்தனர் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் என்ற மூவர். 1968இல் அவர்கள் வெளியிட்ட முடிவு தெளிவாக இருந்தது: திட்டுக்கள் மிகுந்த மூளைக்கு உரியவர்களே மறதியிலும் மிகுந்தவர்கள். 1976இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு சிறு கட்டுரை எழுதினார். நடுவயதில் வரும் ஆல்சைமர் நோயும் முதுமையில் வரும் மறதியும் ஒரே நோய்தான். ஆகவே இது அரிய நோயன்று, பெரும் எண்ணிக்கையில் மக்களைக் கொல்லும் நோய் என்று அவர் வாதிட்டார். ஒரே நாளில், முதுமையின் இயல்பு எனக் கருதப்பட்டது நோயாக மாறியது எனலாம்.

சுமை என்ற சொல்

இதற்கிடையே மனநல மருத்துவத்திலும் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்து வந்தது. 1950களில் மனநோய்க்கு மருந்துகள் வந்தன. பெரிய மருத்துவமனைகளில் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைப்பதைக் குறைத்து, வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை தரும் முறை பரவிற்று. கேட்பதற்கு இது நல்லதாகவே இருந்தது. ஆனால் மருத்துவமனையிலிருந்து இறக்கிய பாரம் எங்கே போயிற்று?

இங்கிலாந்தில் கிராட், சேயின்ஸ்பரி என்ற இரு ஆய்வாளர்கள் இக்கேள்வியைக் கேட்டனர். சிச்செஸ்டர் வட்டாரத்தில் வீட்டுச் சிகிச்சையும், சாலிஸ்பரி வட்டாரத்தில் பழைய மருத்துவமனை முறையும் நடைபெற்று வந்தன. இரு வட்டாரங்களிலும் குடும்பங்களின் நிலையை அவர்கள் ஒப்பிட்டனர். நோயாளியால் குடும்பத்தின் வருமானம், உறக்கம், உடல்நலம், பிள்ளைகளின் வாழ்வு ஆகியவை எவ்வாறு பாதிக்கப்படுகின்றன என்று முறையாகக் கேட்டறிந்து 1963 முதல் கட்டுரைகளாக வெளியிட்டனர். குடும்பத்தின் 'சுமை' என்ற கருத்து மருத்துவ ஆராய்ச்சியில் வேரூன்றியது இவ்வாறுதான். மூன்றாமவர் முதல்முறையாகக் கணக்கில் வந்தார்.

ஒரு கடிதம், ஒரு கையேடு, ஒரு கேள்வித்தாள்

1978 முதல் 1981 வரையுள்ள நான்கு ஆண்டுகள் இவ்வரலாற்றில் திருப்புமுனையாகும். 1978இல் கனடாவிலும், 1979இல் இங்கிலாந்திலும், 1980இல் அமெரிக்காவிலும் ஆல்சைமர் சங்கங்கள் தோன்றின. இவற்றுக்கு உயிரூட்டியவர்கள் நோயாளிகளின் குடும்பத்தினரே. அமெரிக்கச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்ற ஜெரோம் ஸ்டோன் ஒரு சிகாகோ வணிகர். அவர் மனைவிக்கு இந்நோய் கண்டிருந்தது.

1980இன் இறுதியில் அமெரிக்க நாளேடுகளில் வந்துகொண்டிருந்த 'அன்புள்ள ஆபி' என்ற புகழ்பெற்ற கேள்வி-பதில் பகுதிக்கு, நோயாளியைப் பராமரித்து வந்த ஒருவர் மனம் நொந்து கடிதம் எழுதினார். பதிலில் புதிய சங்கத்தின் முகவரி தரப்பட்டது. தொடர்ந்து ஆயிரக்கணக்கான கடிதங்கள் அச்சிறு சங்கத்தில் வந்து குவிந்தன. தங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

1981இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் ஆகிய இருவரும் குடும்பத்தினருக்காக ஒரு நூல் வெளியிட்டனர். அதன் பெயர் '36 மணி நேர நாள்'. பராமரிப்பவருக்கு ஒரு நாள் என்பது 24 மணியில் முடிவதில்லை என்ற பொருளை அத்தலைப்பே சொல்லிவிடுகிறது. மருத்துவ வட்டத்துக்கு வெளியேயும் பெரிதும் விற்பனையாகிப் பல பதிப்புகள் கண்ட நூல் அது.

இவற்றைவிட ஆரவாரமின்றி வந்தது ஒரு கேள்வித்தாள். 1980இல் ஸ்டீவன் ஸாரிட்டும் அவருடைய இரு துணையாளர்களும் 29 மறதி நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் 29 பேரையும் ஆராய்ந்தனர். 'உங்களுக்கென்று நேரம் இல்லை என உணர்கிறீர்களா?', 'நோயாளியின் நடத்தை உங்களுக்கு வெட்கம் தருகிறதா?' என்பன போன்ற கேள்விகள் அதில் இருந்தன. பின்னர் 22 கேள்விகளாகச் சுருக்கப்பட்டு இன்று உலகெங்கும் பயன்படும் சுமை அளவுகோல் இதுவே.

ஆய்வின் முடிவு எதிர்பாராத ஒன்று. நோயாளிக்கு நினைவு எவ்வளவு கெட்டிருக்கிறது, நடத்தை எவ்வளவு மாறியிருக்கிறது என்பவற்றைக் கொண்டு பராமரிப்பவரின் சுமையை முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஆனால் வேறு ஒன்று சுமையோடு தெளிவாகத் தொடர்பு கொண்டிருந்தது. மற்ற உறவினர்கள் எத்தனை முறை வந்து நோயாளியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பதே அது! உறவினர் அடிக்கடி வந்த வீடுகளில் சுமை குறைவு. யாரும் எட்டிப் பாராத வீடுகளில் சுமை அதிகம்.

மிகச் சிறிய ஆய்வுதான். பிற்காலத்தில் நடந்த பெரிய ஆய்வுகள், இரவு உறக்கமின்மை, சினம், அலைச்சல் போன்ற நடத்தைகளும் சுமையைக் கூட்டுகின்றன என்று காட்டின. எனினும் அந்த முதல் முடிவின் சாரம் பொய்யாகவில்லை. ஒரே நோய் இரு வீடுகளில் இரு வேறு எடையுள்ளதாக இருக்கிறது. வித்தியாசம், எத்தனை கைகள் சேர்ந்து தூக்குகின்றன என்பதில் உள்ளது.

உடல் சொன்ன சாட்சி

மனச்சுமை என்பது வெறும் உணர்ச்சிதானே, அதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலிருந்து வந்தது. ஜேனிஸ் கீகால்ட்-கிளேசர் என்ற உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் 1995இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். மறதி நோயுற்ற உறவினரைப் பராமரித்து வந்த 13 பெண்களையும், அதே வயதும் வசதியும் உள்ள வேறு 13 பெண்களையும் தேர்ந்தெடுத்தனர். அனைவருக்கும் தோலில் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சிறு காயம் உண்டாக்கி, அது ஆறும் நாள்களை எண்ணினர். பராமரிக்கும் பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாள்களில் காயம் ஆறியது. பராமரிப்பவர்களுக்கு 48.7 நாள்கள் ஆயின. ஏறத்தாழ ஒன்பது நாள்கள் அதிகம்!

இதன் காரணம் என்ன? ஓயாத மனநெருக்கடி அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் என்ற இயக்குநீரை மிகுதியாக வரவழைக்கிறது. காயம் பட்ட இடத்துக்கு நோய் எதிர்ப்பு அணுக்களைக் கூட்டிவரும் வேதிச் செய்திகள் இதனால் குறைகின்றன. மனத்தின் பாரத்தைத் தோல்கூட அறிகிறது என்பதே இதன் பொருள்.

1999இல் ஷல்ஸ், பீச் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி இன்னும் கவலை தந்தது. நோயுற்ற வாழ்க்கைத் துணையைப் பராமரித்து, அதனால் மனநெருக்கடிக்கும் உள்ளான முதியவர்களை நான்காண்டுகள் கவனித்தனர். பராமரிக்கும் பொறுப்பு இல்லாத முதியவர்களைவிட இவர்களிடையே இறப்பு 63 விழுக்காடு மிகுதியாக இருந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பராமரித்தும் நெருக்கடிக்கு உள்ளாகாதவர்களிடம் இந்த மிகுதி காணப்படவில்லை. பிற்கால ஆய்வுகள் சில, பராமரிப்பவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்வதாகவும் காட்டியிருக்கின்றன. ஆகவே உயிரைக் குடிப்பது சேவையன்று. துணையின்றி, ஓய்வின்றிச் செய்யும் சேவையே.

உயிரோடிருப்பவருக்காகத் துக்கம்

1970களில் பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் போரில் காணாமற் போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தார். இறந்தார் என்று அழவும் முடியாமல், வருவார் என்று நம்பவும் முடியாமல் அவர்கள் தவித்தனர். இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று அவர் பெயரிட்டார். பின்னர் மறதி நோயாளிகளின் குடும்பங்களிலும் இதையே கண்டார். இங்கே நிலைமை தலைகீழ்: ஆள் கண்முன் இருக்கிறார், ஆனால் அவர் இல்லை. பெற்ற மகளைப் பார்த்து 'நீ யாரம்மா?' என்று தந்தை கேட்கும்போது அவளுக்கு ஏற்படும் துக்கத்துக்குச் சடங்கும் இல்லை, துக்கம் விசாரிக்க வருவோரும் இல்லை.

இதை அறிந்துகொள்வதால் என்ன பயன்? பராமரிப்பவருக்குச் சில வேளைகளில் கோபம் வருகிறது; 'இது எப்போது முடியும்' என்ற எண்ணமும் வருகிறது. உடனே, நான் கொடியவன் என்று தம்மையே நொந்துகொள்கிறார். இந்தக் கலவையான உணர்ச்சிகள் அன்பில்லாமையின் அடையாளம் அல்ல. தெளிவற்ற இழப்பின் இயல்பான விளைவு என்று தெரிந்தால், குற்ற உணர்வில் பாதி குறைந்துவிடும்.

மாத்திரையில் இல்லாத மருந்து

மறதி நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. 1990களிலிருந்து கிடைக்கும் மாத்திரைகள் சிலருக்கு ஓரளவு உதவுகின்றன. அண்மையில் வந்துள்ள ஊசி மருந்துகள் ஆல்சைமர் நோயின் தொடக்க நிலையில் அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கின்றன. ஆனால் பராமரிப்பவருக்குத் தரும் உதவி நோயாளிக்கே மருந்தாகிறது என்பதை நியூயார்க்கில் மேரி மிட்டல்மன் குழுவினர் 1996இல் காட்டினர்.

மனைவியையோ கணவரையோ பராமரித்த 206 பேரை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குத் தனி ஆலோசனை இரு முறையும், குடும்பத்தார் அனைவரையும் கூட்டி வைத்துப் பேசுவது நான்கு முறையும் நடந்தன. பின்னர் அவர்கள் ஓர் ஆதரவுக் குழுவில் சேர்ந்தனர். வேண்டும்போது தொலைபேசியிலும் ஆலோசனை பெற்றனர். இப்பிரிவைச் சேர்ந்த நோயாளிகள் முதியோர் விடுதிக்கு அனுப்பப்படாமல் 329 நாள்கள் கூடுதலாகத் தம் வீட்டிலேயே வாழ்ந்தனர். ஏறக்குறைய ஓர் ஆண்டு! 2013இல் லண்டனில் 260 பராமரிப்பவர்களிடம் நடந்த மற்றோர் ஆய்வில், எட்டே அமர்வுகளில் கற்பித்த மனநலப் பயிற்சி அவர்களின் மனச்சோர்வையும் கவலையையும் குறைத்தது. பயிற்சி தந்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்லர்; பயிற்றுவிக்கப்பட்ட உளவியல் பட்டதாரிகள்.

நம் நாட்டில்

கூட்டுக் குடும்பம் உள்ள நம் நாட்டில் இந்தத் தொல்லை இல்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1990களில் சென்னைக்கு அருகே திருப்போரூரிலும், கேரளத்தின் சிற்றூர்களிலும் வீடு வீடாக ஆய்வு நடத்தியபோது, அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு மறதி நோய் இருப்பது தெரிந்தது. 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு இதை 7.4 விழுக்காடு என்று மதிப்பிட்டது. அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர்.

1992இல் கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் இந்திய ஆல்சைமர் சங்கத்தைத் தொடங்கினார். 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்ற குழுவை அமைத்தனர். பெயர் விசித்திரமானது. உலக மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்கின்றனர். ஆராய்ச்சியிலோ 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதே அதன் பொருள்.

இக்குழு 2004இல் வளரும் நாடுகள் பலவற்றில் 706 பராமரிப்பவர்களைப் பற்றி எழுதியது. பெரும்பாலோர் பெண்கள். வீட்டில் ஆள்கள் மிகுந்தால் சுமை சற்றுக் குறைகிறது, ஆனால் சற்றே! ஐரோப்பியப் பராமரிப்பவர்களுக்கு உள்ள நெருக்கடி இவர்களுக்கும் இருந்தது. பத்துப் பேர் உள்ள வீட்டிலும் பாரம் ஒருவர் தலையில்தான் விழுகிறது போலும்! திருச்சூரில் டாக்டர் ஷாஜியும் அவர் குழுவினரும் குடும்பங்களுடன் பேசியபோது, நோயாளியின் செயல்களை வேண்டுமென்றே செய்யும் குறும்பு என்று பலர் எண்ணியிருந்தது தெரிய வந்தது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2008இல் கோவாவில் 81 குடும்பங்களில் ஒரு சோதனை நடந்தது. உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, நோயைப் பற்றி விளக்கினர். அன்றாடச் சிக்கல்களுக்கு வழி சொன்னர். உறவினர்களைப் பொறுப்பேற்கத் தூண்டினர். ஆறு மாதங்களில் பராமரிப்பவர்களின் மனநிலை குறிப்பிடத்தக்க அளவு தேறியது. பெரிய செலவின்றி நம் ஊர்களிலும் செய்யக்கூடியது இது.

வெயிலும் நிழலும்

பொழுது சாயும் நேரத்தில் மறதி நோயாளிகள் பலர் அமைதியிழக்கின்றனர். 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று தம் வீட்டிலிருந்தே புறப்படுகின்றனர். பராமரிப்பவரை மிகவும் வாட்டுவது இந்த மாலையும் அதைத் தொடரும் இரவும்தான். 1985இல் ஆம்ஸ்டர்டாம் அறிஞர் டிக் ஸ்வாப் இதற்கு ஒரு தடயத்தைக் கண்டார். பகலையும் இரவையும் உடலுக்கு உணர்த்தும் கடிகாரம் போன்ற ஒரு சிறு பகுதி மூளையின் அடிப்புறத்தில் உள்ளது. அங்குள்ள அணுக்கள் ஆல்சைமர் நோயில் குறைந்துவிடுகின்றன. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது ஒளி. 2008இல் நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேரிடம் நடந்த ஆய்வில், பகல் முழுவதும் பிரகாசமான ஒளி உள்ள கூடங்களில் இருந்தவர்களுக்கு நினைவுச் சரிவும் மனச்சோர்வும் ஓரளவு குறைந்தன. பலன் சிறியதுதான், ஆனால் ஒளிக்கு விலையில்லை.

ஆகவே நோயாளியை இருண்ட அறையில் வைப்பதைவிட, காலையில் அரை மணி நேரம் வெளியே அழைத்துச் செல்வது நன்று. அது பராமரிப்பவருக்கும் நடைப்பயிற்சி. நான்கு முகங்களைப் பார்க்கும் வாய்ப்பு. ஆனால் நம் நாட்டு வெயிலுக்கு எச்சரிக்கை வேண்டும். 1801இல் ஜெர்மனியில் ரிட்டர் கண்டறிந்த புற ஊதாக் கதிர்கள் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை கடுமையாக இருக்கும். கருநிறத் தோலில் உள்ள மெலனின் ஓரளவு காக்கும். ஆனால் வெப்பத்திலிருந்தும், கண்புரையிலிருந்தும் அது காப்பாற்றாது.

மறதி நோயாளி தாகம் என்று சொல்ல மறப்பார். நிழலுக்கு நகரத் தோன்றாது. அமைதிப்படுத்தக் கொடுக்கும் குளோர்ப்புரோமசின் போன்ற மருந்துகளும், ரத்த அழுத்தத்துக்குரிய சில மாத்திரைகளும் தோலை வெயிலுக்கு எளிதில் புண்படச் செய்கின்றன. வேறு சில மருந்துகள் வியர்வையைக் குறைத்து உடல் வெப்பத்தைக் கூட்டுகின்றன. ஆகவே குடை, முழுக்கை பருத்திச் சட்டை, தலையில் துண்டு அல்லது தொப்பி, கையில் தண்ணீர் ஆகியவை இருவருக்கும் தேவை. இருவருக்கும் என்பதைக் கவனியுங்கள். நோயாளியின் தலைக்குக் குடை பிடித்துத் தாம் வெயிலில் நடப்பவர், நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்துத் தாம் குடிக்க மறப்பவர், நாளை தாமே படுத்துவிட்டால் நோயாளியை யார் பார்ப்பது?

நாம் செய்யக்கூடியது

நூறாண்டு வரலாறு பராமரிப்பவருக்குச் சொல்லும் செய்திகள் சில. நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியோடு வாதாடி வெல்ல முயல வேண்டாம். உங்கள் உறக்கத்தையும், உங்கள் மருந்தையும், உங்கள் உணவையும் தள்ளிப் போடாதீர்கள். வாரத்தில் சில மணி நேரமாவது பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படையுங்கள்; உதவி கேட்பது கடமை தவறுவதாகாது. இரு வாரங்களுக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால், காய்ச்சலுக்குப் போவது போலவே மருத்துவரிடம் போங்கள்.

ஆனால் வரலாறு இதைவிட அழுத்தமாகப் பேசுவது மற்றவர்களிடம்தான். ஸாரிட்டின் 29 குடும்பங்கள் சொன்னதை நினைவு கொள்வோம். சுமையைக் குறைத்தது உறவினரின் வருகை. பக்கத்துத் தெருவில் மறதி நோயுள்ள வீடு ஒன்று இருக்கலாம். அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, 'நீங்கள் போய்க் கொஞ்சம் தூங்குங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்ல எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. பள்ளி மாணவர்கள்கூட இதைச் செய்யலாம்.

1901ஆம் ஆண்டு நவம்பரில் மனைவியை மருத்துவமனையில் விட்டுவிட்டு வீடு திரும்பிய அந்த ரயில்வே எழுத்தரிடம், 'நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?' என்று யாரேனும் கேட்டார்களா என்பது தெரியாது. இன்று அவர் நிலையில் இருப்பவர்களிடம் நாம் அதைக் கேட்கலாம்.